கியாங்கான்: பெண்கள் பாட்டில் நெல் அறுக்கும் மலையூர்

பிலிப்பைன்ஸ் என்றதும் கடலும் தீவும்தான் நமக்கு ஞாபகம் வரும். ஆனால் அந்நாட்டின் லூஸோன் தீவின் வடக்கே, கார்டில்லேரா மலைகளுக்கு நடுவே கியாங்கான் என்றொரு சின்ன ஊர் இருக்கிறது. இஃபுகாவ் மாகாணத்தைச் சேர்ந்தது. ஜனத்தொகை 20,000-க்கும் குறைவு.

சமதரை என்பதே இங்கே அபூர்வம். அதனால் மலைச்சரிவையே படிப்படியாக வெட்டி, கல்லாலும் மண்ணாலும் சுவர் எழுப்பி வயலாக்கிவிட்டார்கள். நாகாகடான் என்ற பகுதியில் ஆற்றின் இரண்டு பக்கமும் பச்சைப் படிகள் ஏறிக்கொண்டே போகின்றன. 1995-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்த இஃபுகாவ் வயல்களில் இதுவும் சேர்ந்தது.

தண்ணீருக்கு என்ன செய்கிறார்கள்? வயலுக்கு மேலே குடும்பத்துக்குச் சொந்தமான காடு உண்டு. 'முயோங்' என்பார்கள். மழையைப் பிடித்து வைத்து மெள்ள மெள்ளக் கசியவிடுவது அதுதான். மேல் வயல் நிரம்பினால் கீழ் வயலுக்கு வரும். மேலே கண்டபடி மரத்தை வெட்டினால் கீழே உலை கொதிக்காது!

இந்த வயல்களுக்கு வயது 2,000 என்றுதான் பள்ளிப் புத்தகங்கள் வெகுகாலம் சொல்லி வந்தன. பழைய கியாங்கான் கிராமத்தைத் தோண்டிப் பார்த்த ஸ்டீபன் அகபாடோ என்ற தொல்லியலாளரும் அவர் குழுவினரும் வேறு கதை சொல்கிறார்கள். முதலில் இங்கே பயிரானது நெல்லே இல்லையாம், நம் சேப்பங்கிழங்குதானாம்! ஸ்பானியர்களுக்குப் பயந்து சமவெளி மக்கள் மலையேறிய பிறகு, சுமார் 400 வருஷத்துக்குள்தான் நெல் வயல்கள் பெருகின என்பது அவர்கள் கணிப்பு. வயசு குறைந்ததில் பெருமை குறைந்ததாக எனக்குத் தோன்றவில்லை. துப்பாக்கிக்குப் பணியாமல், சில தலைமுறைக்குள் மலையையே செதுக்கியிருக்கிறார்களே!

உலகச் சரித்திரத்திலும் இந்த ஊருக்கு ஒரு வரி உண்டு. இரண்டாம் உலகப்போரின் முடிவில், 1945 செப்டம்பர் 2 அன்று, ஜப்பானியத் தளபதி யமஷிடா மலையிலிருந்து இறங்கி வந்து சரணடைந்தது இங்கேதான். அதற்கு ஒரு நினைவுச் சின்னமும் எழுப்பியிருக்கிறார்கள்.

இனி பெண்கள் விஷயத்துக்கு வருவோம். இங்கே விளையும் பாரம்பரிய நெல்லுக்கு 'தினாவோன்' என்று பெயர். வருஷத்துக்கு ஒரே போகம். அறுப்புக்கு முன்பே வயலில் இறங்கி, நல்ல கதிராகப் பார்த்து விதைக்கு எடுத்து வைப்பது பெண்கள் வேலை. எந்தக் கதிர் விதைக்கு ஆகும் என்பது பாட்டியிடமிருந்து பேத்திக்கு வருகிற கைப்பழக்கம். சொத்திலும் ஒரு விசேஷம்: பழைய வழக்கப்படி வயலில் பெரும்பங்கு மூத்த பிள்ளைக்கு. அது பெண்ணாக இருந்தாலும் சரிதான். நம்மில் எத்தனை வீட்டில் இது நடக்கும், சொல்லுங்கள்!

அறுப்பின்போது பாடுவது 'ஹுட்ஹுட்'. வயதான பெண்மணி ஒருவர் கதையைத் தொடங்க, மற்றவர்கள் சேர்ந்து பாடுவார்கள். வீரர்கள் கதை, ஊர் வழக்கம், சாகுபடி எல்லாம் அதில் வந்துவிடும். 200-க்கும் மேற்பட்ட பாட்டுகள், ஒவ்வொன்றிலும் 40 பகுதிகள். முழுசாகப் பாடி முடிக்க நாள் கணக்காகுமாம். அத்தனையும் மனப்பாடம்! 2001-ல் யுனெஸ்கோ இதைப் போற்றி அறிவித்தது. அதே வருஷம்தான், பராமரிப்பில்லாமல் சுவர்கள் சரிகின்றன என்று இஃபுகாவ் வயல்களை ஆபத்துப் பட்டியலிலும் சேர்த்தார்கள்.

படித்த பிள்ளைகள் நகரத்துக்குப் போகிறார்கள். போகாதே என்று எந்தத் தாய் சொல்வாள்? முதுகு ஒடிய உழைத்து ஒரே போகம் எடுப்பதைவிட மாதச் சம்பளம் மேல்தானே! ஆனால் ஒரு மழைக்காலம் ஆளில்லாமல் விட்டால் போதும், மேல்சுவர் சரிந்து கீழ் வயலில் விழும். ஒரு வீட்டு நஷ்டம் அதோடு நிற்பதில்லை.

சுவர்களையும் வாய்க்கால்களையும் செப்பனிட்ட பிறகு, 2012-ல் ஆபத்துப் பட்டியலிலிருந்து பெயரை எடுத்தார்கள். இஃபுகாவ் பள்ளிகளில் இப்போது சிறுவர் சிறுமியருக்கு ஹுட்ஹுட் சொல்லித் தருகிறார்கள், போட்டியும் வைக்கிறார்கள். முன்பு பாட்டிக்குப் பக்கத்தில் நின்று அறுத்தபடியே கற்றதை, இன்றைய பிள்ளைகள் வகுப்பில் உட்கார்ந்து கற்கிறார்கள்.