துன்ப வேளையில் தேவ அருள்

துன்பமே இல்லாத வீட்டிலிருந்து வருபவர் யார் என்று கேட்டால் எங்கள் வகுப்பில் ஒருத்திகூடக் கை தூக்க மாட்டாள். ஒருத்தியின் அப்பாவுக்குச் சனிக்கிழமை வரும் கூலி ஞாயிறு காலையில் இருப்பதில்லை. இன்னொருத்திக்கு எவ்வளவு முயன்றாலும் கணக்கு வருவதில்லை. விடைத்தாளை வீட்டில் காட்டுவதற்கு முன்னால் கோவிலுக்குத்தான் ஓடுவாள். இவற்றையெல்லாம் ஆண்டவரிடம் சொன்னால் ஆறுதல் கிடைக்கும் என்று முதல் நற்கருணை வாங்கிய நாளிலிருந்து கேட்டு வருகிறோம். அந்த ஆறுதல் எப்படிப்பட்டது என்று யோசிக்கும்படி நேர்ந்தது இந்தக் கல்வியாண்டில்தான்.

ஆகஸ்டு மாதக் கடைசியில் எங்கள் தோழி ஒருத்தியின் அம்மா ஆபத்தான நிலையில் மருத்துவமனையில் இருந்தார். செப்டம்பர் 8 வேளாங்கண்ணி மாதாவின் திருநாள் அல்லவா? அதற்கு முந்திய ஒன்பது நாளும் அவருக்காகச் செபமாலை சொல்வது என்று நாங்கள் ஏழு பேர் முடிவு செய்தோம். மதிய இடைவேளையில் பாதிச் சோற்றோடு டிபன் பாக்ஸை மூடிவிட்டுப் பள்ளிச் சிற்றாலயத்துக்கு ஓடுவோம். ஞாயிறன்று அவரவர் பங்குக் கோவிலில் சொன்னோம். ஏழாம் நாள் முதல் பாடவேளையிலேயே செய்தி வந்துவிட்டது. நவநாள் முடியவில்லை, அம்மா போய்விட்டார்.

சில நாள் கழித்து எங்கள் தோழி பள்ளிக்கு வந்தாள். காலைச் செபத்தில் எல்லோரோடும் எழுந்து நின்றாள்; உதடு மட்டும் அசையவில்லை. ஒரு நாள் தண்ணீர்க் குழாயருகில் எங்களைப் பார்த்து, "நாம சொன்ன செபமெல்லாம் எங்கேடி போச்சு?" என்று கேட்டாள். எங்களுக்குப் பதில் தெரியவில்லை. உண்மையைச் சொன்னால், அதே கேள்வி எங்கள் மனத்திலும் இருந்தது, கேட்கத்தான் பயமாயிருந்தது.

மறைக்கல்வி சிஸ்டரிடம் போனோம். திட்டுவார்கள் என்று நினைத்தோம். சிஸ்டரோ, "அம்மா ஏன் போனாங்கன்னு எனக்கும் தெரியாது பிள்ளைங்களா" என்று சொல்லிவிட்டு, நூலகத்திலிருந்து சிறுமலர் தெரேசம்மாளின் வாழ்க்கை வரலாற்றை எடுத்து எங்கள் கையில் கொடுத்தார்கள். முதலில் எங்களுக்கு ஏமாற்றந்தான். கை நிறைய ரோஜாப் பூவும் முகம் நிறையப் புன்னகையுமாகப் படத்தில் நிற்கும் புனிதைக்கு எங்கள் தோழியின் துயரம் எப்படித் தெரியும்?

படித்த பிறகுதான் தெரிந்தது. தெரேசா 1873ஆம் ஆண்டு ஜனவரி 2ஆம் நாள் பிரான்சு நாட்டில் பிறந்தவர். அவருடைய தாயார் 1877இல் மார்பகப் புற்றுநோயால் இறந்தபோது அவருக்கு வயது நான்கு. அதன்பின் தாயைப் போல் வளர்த்த அக்காளும் 1882இல் லிசியே நகரத்துக் கார்மேல் மடத்தில் சேர்ந்துவிட்டார். தெரேசாவும் அதே மடத்தில் சேர விரும்பினார். வயது போதாது என்று பெரியவர்கள் தடுத்தார்கள். 1887இல் உரோமைக்குப் போய்த் திருத்தந்தை 13ஆம் சிங்கராயரின் காலடியில் முழங்காலிட்டுக் கேட்டார். கடைசியில் 1888 ஏப்ரல் 9 அன்று மடத்தில் சேர்ந்தபோது அவருக்கு 15 வயது. எங்கள் வயது! இந்த இடம் வந்ததும் வாசித்துக்கொண்டிருந்தவள் நிறுத்திவிட்டு எங்கள் முகங்களைப் பார்த்தாள்.

இவ்வளவு ஆசைப்பட்டுப் போன இடத்தில் மகிழ்ச்சி காத்திருந்தது என்றுதானே நினைப்போம்? மறு ஆண்டே அவருடைய தந்தைக்கு மனநோய் முற்றி, கான் நகரத்து மனநோய் மருத்துவமனையில் மூன்று ஆண்டுகள் இருக்க நேர்ந்தது. செல்ல மகள் பிரிந்து போனதால்தான் அவருக்கு இந்த நிலை என்று பேசியவர்களும் உண்டு. செபத்திலாவது இனிமை இருந்ததா என்றால் அதுவும் இல்லை. செப நேரத்தில் தூங்கி விழுவாராம். எங்களுக்கு இதைப் படித்தபோது சிரிப்பு வந்தது, நிம்மதியும் வந்தது. அதற்காக அவர் மனம் உடைந்துவிடவில்லை. பிள்ளை விழித்திருந்தாலும் தூங்கினாலும் பெற்றோருக்குப் பிரியம் ஒன்றுதானே என்ற கருத்தைத் தம் வரலாற்றில் எழுதியிருக்கிறார்.

1896ஆம் ஆண்டு பெரிய வியாழன் இரவு படுக்கைக்குப் போனதும் தொண்டையிலிருந்து ஏதோ பொங்கி வந்தது. விளக்கை அணைத்தாகிவிட்டது, காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று படுத்துவிட்டார். விடிந்ததும் கைக்குட்டையில் பார்த்தார், இரத்தம்! காசநோய். அந்த நோய்க்கு அப்போது மருந்து கிடையாது. விரைவில் மோட்சம் போவோம் என்று அவர் மகிழ்ந்தார். ஆனால் சில நாட்களுக்குள், அந்தப் பாஸ்கு காலத்திலேயே, மோட்சம் என்று ஒன்று உண்டா என்ற சந்தேகம் அவரைக் கவ்விக்கொண்டது. அது ஒரு நாள் இரு நாள் சோதனை அல்ல. 1897 செப்டம்பர் 30 அன்று தம் 24ஆம் வயதில் இறக்கும் வரை ஏறக்குறைய ஒன்றரை ஆண்டுகள் அந்த இருள் அவரை விட்டு நீங்கவில்லை.

அந்த இருளில் அவர் செய்ததுதான் எங்களை நிறுத்தி யோசிக்க வைத்தது. விசுவாசப் பிரமாணத்தைத் தம் இரத்தத்தாலேயே எழுதி நெஞ்சோடு வைத்துக்கொண்டார். மனத்தில் ஒன்றும் தோன்றாதபோது கை அந்தத் தாளைத் தொட்டுக்கொள்ளும். வெளியே சகோதரிகளுக்கு அவர் சிரித்த முகந்தான் தெரிந்தது. ஆறுதல் என்றால் மனம் குளிர்ந்து கண்ணீர் காய்வது என்று நாங்கள் நினைத்திருந்தோம். ஒரு குளிர்ச்சியும் தெரியாத நாளிலும் விட்டுப் போகாமல் இருக்க ஒரு பெலன் கொடுக்கப்படுகிறதே, அதற்கும் அருள் என்றே பெயர் என்று இப்போது புரிந்துகொள்கிறோம். இப்படிப்பட்டவரைத்தான் 1925இல் திருச்சபை புனிதை என்று அறிவித்தது. 1997இல் மறைவல்லுநர் என்ற பட்டமும் கொடுத்தது.

இங்கே எங்களில் ஒருத்தியின் பாட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். பாட்டி இன்றும் பழைய செபங்களைத்தான் சொல்வார். நாம் மங்கள வார்த்தைச் செபத்தில் 'அருள்' என்று சொல்லும் இடத்தில் பாட்டி 'பிரியதத்தம்' என்பார். சின்ன வயதில் அதைக் கேட்டுக் கேலி செய்திருக்கிறோம். தத்தம் என்றால் கொடுக்கப்பட்டது என்று தமிழ் ஆசிரியை விளக்கினார்கள். பிரியத்தோடு கொடுக்கப்பட்டது பிரியதத்தம். அப்படியானால் அது கூலி அல்ல. ஒன்பது நாள் வேலைக்கு உரிய சம்பளம் போல எங்கள் செபமாலையை எண்ணியிருந்தோமே என்று வெட்கமாக இருந்தது. நவநாள் தவறு என்று சொல்ல வரவில்லை. அடுத்த ஆண்டும் சொல்வோம், கேட்கவும் செய்வோம். கேட்பது பிள்ளைகளின் உரிமை. புனித சின்னப்பரும் தம்மை வருத்திய முள்ளை எடுத்துவிடும்படி மூன்று முறை கேட்டாராம். முள் எடுக்கப்படவில்லை, தாங்குவதற்கு வேண்டிய அருளே அவருக்கு வாக்களிக்கப்பட்டது.

இதையெல்லாம் படித்துவிட்டு எங்கள் தோழியிடம் ஒரு பிரசங்கம் செய்ய ஆசைப்பட்டோம். சிஸ்டர் தடுத்துவிட்டார்கள். "பக்கத்துல உட்காருங்க, போதும்" என்றார்கள். அந்தப் புத்தகத்தை மட்டும் அவள் மேசையில் வைத்தோம். அவள் படித்தாளா என்று இதுவரை கேட்கவில்லை.

அக்டோபர், செபமாலை மாதம். மறுபடியும் மதிய வேளையில் சிற்றாலயத்துக்குப் போனோம். இரண்டாம் வாரத்தில் ஒரு நாள் அவளும் பின்னால் வந்து கடைசிப் பெஞ்சியில் உட்கார்ந்தாள். அவளுடைய அம்மாவின் செபமாலை கையில் இருந்தது. மணியை உருட்டினாளே தவிர வாய் திறக்கவில்லை. அவள் முறை வந்தபோது அந்தப் பத்து மணியையும் எங்களில் ஒருத்தி சேர்த்துச் சொன்னாள். மாதம் முழுவதும் இப்படியே நடந்தது.

கடைசி வாரத்தில் ஒரு நாள் பள்ளி மணி அடிக்கும் நேரம் ஆகிவிட்டது. அவளுக்காகச் சொல்லிக்கொண்டிருந்தவள் அவசரத்தில் எண்ணிக்கை தவறித் திரித்துவ வணக்கத்தைத் தொடங்கிவிட்டாள்.

"எட்டுதாண்டி ஆச்சு. இன்னும் ரெண்டு இருக்கு" என்று பின்னாலிருந்து குரல் வந்தது.

அந்த இரண்டையும் அவளே சொன்னாள்.