ஆண் மலட்டுத்தன்மை பற்றிய அச்சமும் அதன் சமூக அடிப்படையும்

உடல்நலம் பற்றிய நம்பிக்கைகளும் அச்சங்களும் சமூக உறவுகளிலிருந்து பிரித்து நோக்கத்தக்கன அல்ல. ஆண்களின் மகப்பேற்றுத் திறன் தொடர்பாகப் பரவியுள்ள இரு கருத்துக்கள் இதனை நன்கு விளக்குவன. விற்றமின் மாத்திரைகள் அத்திறனைப் பெருக்கும் என்பது ஒன்று. தடுப்பூசி அதனை அழித்துவிடும் என்பது மற்றையது. இவ்விரண்டும் சான்றுகளால் வலுப்பெறாதவை என்பதையும், மெய்யான காரணியொன்றை நம் பார்வையிலிருந்து மறைப்பவை என்பதையும் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலில் மாத்திரையை நோக்குவோம். போலிக் அமிலமும் நாகமும் விந்தணு உருவாக்கத்திலே பங்குகொள்வன. எனவே, அவற்றை மேலதிகமாக உட்கொள்வதால் பயன் விளையும் எனக் கருதப்பட்டது. ஐக்கிய அமெரிக்காவில் மகப்பேற்றுச் சிகிச்சையை நாடிய 2,370 தம்பதியரைக் கொண்டு நடத்தப்பட்டு 2020இல் வெளியான ஆய்வு இதனைச் சோதித்தது. ஆண்களுள் ஒரு சாரார் நாள்தோறும் 5 மில்லிகிராம் போலிக் அமிலமும் 30 மில்லிகிராம் நாகமும் ஆறு மாதங்கள் உட்கொண்டனர். மறு சாராருக்கு மருந்தற்ற மாத்திரை வழங்கப்பட்டது. முன்னைய பிரிவில் 34 சதவீதத் தம்பதியரும் பின்னைய பிரிவில் 35 சதவீதத் தம்பதியரும் குழந்தை பெற்றனர். மருந்துண்டோரிடையே வயிற்று உபாதைகளே கூடுதலாகக் காணப்பட்டன. குறைபாடுடையவருக்கு ஊட்டம் அளித்தல் வேறு. கவலையுற்றவருக்கு மாத்திரை விற்றல் வேறு.

அடுத்துத் தடுப்பூசி. கொவிட் தடுப்பூசி ஆண்களை மலடாக்கும் என்ற வதந்தி பரவிய வேளையில், மயாமிப் பல்கலைக்கழக ஆய்வாளர் 45 ஆண்களின் விந்தணுக்களை ஊசி ஏற்றுவதற்கு முன்னரும், இரண்டாவது ஊசிக்கு ஏறத்தாழ 70 நாட்களின் பின்னரும் ஆராய்ந்தனர். விந்தணு உருவாகி முதிர்வதற்கு இரண்டரை மாதமளவில் தேவைப்படுவதே இந்த இடைவெளிக்குக் காரணம். 2021இல் வெளியான அவ்வாய்வு விந்தணுக்களின் அளவில் வீழ்ச்சி எதனையும் காணவில்லை. சிறிய ஆய்வொன்றை மட்டும் கொண்டு முடிவுகட்டுதல் தகாது. எனினும், ஐக்கிய அமெரிக்காவிலும் கனடாவிலும் கருத்தரிக்க முயன்ற 2,126 பெண்களிடம் தரவு பெற்று 2022இல் வெளியான ஆய்வும் தம்பதியருள் எவர் ஊசி ஏற்றியமையும் கருத்தரிப்பைக் குறைக்கவில்லை எனக் கண்டது. மாறாக, ஆணுக்கு நோய் தொற்றிய பின்னரான ஏறத்தாழ இரு மாதங்களிலேயே கருத்தரிக்கும் வாய்ப்பு தற்காலிகமாகக் குறைந்திருந்தது.

அவ்வாறாயின் மருந்துக் கம்பனிகள் மீதும் இரசாயனக் கம்பனிகள் மீதும் மக்கள் கொள்ளும் ஐயம் வெறும் அறியாமையா? அன்று. 1977இல் கலிபோர்னியாவின் லத்ரொப் நகரிலிருந்த ஒக்சிடென்டல் இரசாயனத் தொழிற்சாலையின் தொழிலாளர், தமக்குப் பிள்ளைகள் பிறவாமையைத் தம்முள் பேசிக்கொண்டபோதே உண்மை வெளிப்பட்டது. வேர்களைத் தாக்கும் வட்டப்புழுக்களை அழிக்கும் டி.பி.சி.பி. என்னும் நஞ்சு அவர்களுட் பலரை மலடாக்கியிருந்தது. இந்நஞ்சு எலிகளின் விதைகளைச் சுருங்கச் செய்வதை உற்பத்தியாளர்களான டோ, ஷெல் கம்பனிகள் சார்ந்த ஆய்வு 1961இலேயே வெளியிட்டிருந்தமை மனங்கொள்ளத்தக்கது. 1979இல் ஐக்கிய அமெரிக்காவில் அதன் பயன்பாடு பெரும்பாலும் தடைசெய்யப்பட்டது. ஆயின், கொஸ்ரா ரிக்காவின் வாழைத் தோட்டங்களில் அதற்குள் ஆயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர் மலட்டுத்தன்மைக்கு உள்ளாகிவிட்டனர்.

இங்கு ஐயத்துக்குச் சான்று இருந்தது. அதனை முதலில் உணர்ந்தோர் உழைப்பாளரே. சான்றிழந்த ஐயமோ எளியோர் மீது பாய்கிறது. 2018 பெப்ரவரியில் அம்பாறையில், முஸ்லிம் உணவகமொன்றில் உணவோடு மலட்டு மாத்திரை கலக்கப்படுகிறது என்ற வதந்தியால் கடைகளும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. அரச பகுப்பாய்வாளர் சோதித்தபோது அது மாக்கட்டி எனத் தெரியவந்தது.

முற்போக்காளர் கருத்திற் கொள்ளவேண்டியது இதுவே. மூலதனத்தின் மீதான ஐயம் அறிவியலின் மீதான ஐயமாகத் திரியும்போது ஆதாயம் அடைவது மூலதனமே. தடுப்பூசிக்கு அஞ்சி மாத்திரையை நாடுபவன், தன் தொழிற்களத்தின் காற்றில் என்ன கலந்திருக்கிறது என்று கேட்க மறந்துவிடுகிறான். அக்கேள்வியை அவனோடு சேர்ந்து எழுப்புவதே நமது கடமையாகும்.