மெஷின் மேனேஜர் – 6: ஏன் என்று கேட்டால் யார் பதில் சொல்வது?

சென்ற வாரம் அமெரிக்கக் கிடங்குகளில் ஸ்கேனரும் கையுமாக நிற்பவர்களின் ஒவ்வொரு நிமிடத்தையும் கணினி எப்படிக் கணக்கெடுக்கிறது என்று பார்த்தோம். அது கிடங்கு வேலை, படித்தவர்களிடம் அந்தப் பாச்சா பலிக்காது என்று நினைப்பவர்கள் நம்மில் நிறைய. அவர்கள் டெக்சாஸில் ஹூஸ்டன் நகரத்து ஆசிரியர்களுக்கு என்ன நடந்தது என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

ஹூஸ்டன் பள்ளி மாவட்டம் டெக்சாஸிலேயே பெரியது. ஆசிரியர்களை எடைபோட அது நம்பியது 'ஈவாஸ்' என்ற மென்பொருளை. இந்தக் கணக்குமுறைக்கு அடித்தளம் போட்டவர் வில்லியம் சாண்டர்ஸ், டென்னசி பல்கலைக்கழகத்தில் வேளாண் புள்ளியியலில் இருந்தவர். பின்னாளில் அது வட கரோலினாவின் சாஸ் நிறுவனத்துக்குச் சொந்தமானது. மாணவர்கள் முன்பு எடுத்த மதிப்பெண்களை வைத்து, இந்த ஆண்டு எவ்வளவு எடுத்திருக்க வேண்டும் என்று மென்பொருள் கணிக்கும். அதற்கு மேலே போனால் ஆசிரியர் கெட்டிக்காரர், கீழே இறங்கினால் பழி ஆசிரியர் தலையில். பரீட்சைக்கு முந்தின வாரம் ஒரு பிள்ளையின் வீட்டில் என்ன நடந்தது என்று தலைமை ஆசிரியருக்குத் தெரிந்திருக்கலாம். கணக்குக்குத் தெரியாது.

திறனற்றவர் என்று குறிக்கப்பட்ட ஆசிரியர்களில் 15 சதவீதத்துக்கு மேல் வைத்துக்கொள்வதில்லை என்று 2012-ல் மாவட்டம் இலக்கு வைத்தது. 2014-ல் ஆசிரியர் சங்கமும் சில ஆசிரியர்களும் நீதிமன்றம் போனார்கள். 2017 மே மாதம் நீதிபதி ஸ்டீபன் ஸ்மித் எழுதிய தீர்ப்பை நம்மவர்கள் ஒருமுறையாவது படிக்க வேண்டும். ஆசிரியருக்கு மென்பொருள் போட்ட மதிப்பெண் வந்த வழி வணிக ரகசியம். ஆசிரியருக்கும் தெரியாது, அவரை வேலைக்கு வைத்திருக்கும் மாவட்டத்துக்கும் தெரியாது. ஆசிரியர்கள் தரப்பில் வந்த நிபுணரால்கூட அந்த மதிப்பெண்ணைத் திரும்பக் கணக்கிட்டுக் காட்ட முடியவில்லை.

என்னை உலுக்கியது இன்னொரு விவரம். ஒருவரின் மதிப்பெண்ணில் தவறு இருப்பது தெரிந்தாலும் அதை மட்டும் தனியாகத் திருத்த வழியில்லை. எல்லோருடைய கணக்கும் ஒன்றோடொன்று பின்னியிருப்பதால், ஒன்றைத் தொட்டால் மற்ற ஆசிரியர்களின் மதிப்பெண்களும் மாறக்கூடும். மனிதர் செய்த தவறு என்றால் ஒரு கையெழுத்தில் சரிசெய்யலாம். இங்கே தவறு என்று ஒப்புக்கொண்ட பிறகும் அப்படியே இருக்கட்டும் என்று விட வேண்டியதுதான். இதைக் கொண்டு ஒருவருடைய சோற்றில் கைவைக்கலாமா?

வழக்கு அந்த ஆண்டு அக்டோபரில் சமரசத்தில் முடிந்தது. சரிபார்க்க முடியாத மதிப்பெண்ணை வைத்து யாரையும் நீக்குவதில்லை என்று மாவட்டம் ஒப்புக்கொண்டது.

ஆசிரியர்கள் நின்று போராட முடிந்ததற்குக் காரணம் உண்டு. அவர்கள் வேலை பார்த்தது அரசு அமைப்பில். உரிய விசாரணை இல்லாமல் வேலையைப் பறிக்கக் கூடாது என்ற அரசியல் சட்ட உரிமை அவர்களுக்குத் துணை நின்றது. பிளேனோவிலோ எடிசனிலோ சான்டா கிளாராவிலோ தனியார் நிறுவனத்தில் இருக்கும் நம் ஆட்களுக்கு அந்தத் துணை கிடையாது. பாகுபாடு போன்ற சட்டவிரோதக் காரணமாக இல்லாதவரை, காரணமே சொல்லாமல் வீட்டுக்கு அனுப்பலாம். எச்-1பி விசாவில் இருந்தால், வேலை போன நாளிலிருந்து அதிகபட்சம் 60 நாட்கள். அதற்குள் வேறு வேலையோ வேறு விசாவோ பார்க்காவிட்டால் பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டு மூட்டை கட்ட வேண்டும்.

மனித மேனேஜர் மட்டும் யோக்கியமா என்ற கேள்வி நியாயமானது. 2020 ஜூனில் கலிஃபோர்னியா அரசு சிஸ்கோ நிறுவனத்தின் மீதும் அதன் இந்திய மேலாளர்கள் இருவர் மீதும் வழக்குப் போட்டது. தலித் பொறியாளர் ஒருவரைச் சாதி பார்த்து ஒதுக்கினார்கள் என்பது புகார். சிஸ்கோ மறுத்தது. மேலாளர்கள் மீதான வழக்கை 2023-ல் அரசே திரும்பப் பெற்றுக்கொண்டது. ஆனாலும் சான் ஹோசே பக்கம் சாதி இல்லை என்று நம்மில் யாரும் சத்தியம் செய்ய மாட்டோம். "மெஷின் என் அப்பா பேரைக் கேட்காது, ஊரில் எந்தத் தெரு என்று துருவாது, அதுவே மேனேஜராக வரட்டும்" என்று அடிபட்ட ஒருவர் சொன்னால், மறுத்துப் பேச எனக்கு நா எழாது.

ஆனால் மெஷின் கேட்காமலே கற்றுக்கொள்ளும். பழைய மேனேஜர்கள் யாரை உயர்த்தினார்கள், யாரை ஓரங்கட்டினார்கள் என்ற பதிவேடுதானே அதன் பாடப்புத்தகம்? சிஸ்கோ வழக்கில் குற்றம் சாட்டக் குறைந்தது இரண்டு பெயர்களாவது இருந்தன. வேலைக்கு ஆள் வடிகட்டும் மென்பொருள் தொடர்பாக வொர்க்டே நிறுவனத்தின் மீது 2023-ல் தொடுக்கப்பட்ட வழக்கைப் பாருங்கள். வழக்குப் போட்டவர் நூற்றுக்கும் மேற்பட்ட வேலைகளுக்கு விண்ணப்பித்தவர். நள்ளிரவு தாண்டி அனுப்பிய ஒரு விண்ணப்பம் ஒரு மணி நேரத்துக்குள், அதிகாலை 1:50-க்கு நிராகரிக்கப்பட்டது என்கிறார். அந்த நேரத்தில் எந்த மனிதர் உட்கார்ந்து படித்திருப்பார்? தேர்வு செய்வது வாடிக்கையாளர்கள்தான், நாங்கள் அல்ல என்கிறது வொர்க்டே. வயதுப் பாகுபாட்டுப் புகாரில் 40 வயது தாண்டிய மற்றவர்களும் சேர்ந்துகொள்ள 2025 மே மாதம் நீதிமன்றம் வழிவிட்டது. இதை எழுதும்போது வயது நாற்பதைக் கடந்த நம்மூர்ப் பொறியாளர்கள் பலரின் முகம் என் கண்முன் வருகிறது.

நீக்கும் முடிவை, தண்டிக்கும் முடிவை மென்பொருளை மட்டுமே நம்பி எடுக்கக் கூடாது என்று கலிஃபோர்னியாவில் செனட்டர் ஜெர்ரி மெக்னெர்னி ஒரு மசோதா கொண்டுவந்தார். இரு அவைகளிலும் நிறைவேறியது. 2025 அக்டோபர் 13 அன்று ஆளுநர் கேவின் நியூசம், வீச்சு மிக அகலம் என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார். 2023 அக்டோபரில் சாதிப் பாகுபாட்டுத் தடை மசோதாவைத் திருப்பி அனுப்பியதும் இதே பேனாதான். இருக்கிற சட்டமே போதும் என்றார் அப்போது. மனித மேனேஜரின் சாதிப் புத்திக்கும் கடிவாளம் இல்லை, மெஷின் மேனேஜருக்கும் இல்லை. இது எனக்குக் கோபமூட்டுகிறது.

அட்டவணை போடட்டும், விடுப்புக் கணக்குப் பார்க்கட்டும், யார் வேலைச்சுமையில் திணறுகிறார்கள் என்று எச்சரிக்கட்டும். செயற்கை நுண்ணறிவுக்கு அங்கே தாராளமாக இடம் கொடுக்கலாம். ஒருவரை நீக்கும் தாளில் மட்டும் ஒரு மனிதரின் கையெழுத்து இருக்க வேண்டும். அவர் எதிரே உட்கார்ந்து காரணம் சொல்ல வேண்டும், தவறு என்றால் திருத்தும் அதிகாரமும் அவரிடம் இருக்க வேண்டும்.

அதுவரை கையில் இருப்பதைப் பயன்படுத்துங்கள். கலிஃபோர்னியாவில் 2025 அக்டோபர் 1 முதல் இத்தகைய மென்பொருள் பதிவுகளை நிறுவனங்கள் 4 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். வெளியார் செய்த மென்பொருள் என்று கைகழுவ முடியாது, பாகுபாட்டுக்கு நிறுவனமே பொறுப்பு என்று நியூ ஜெர்சி அரசு 2025 ஜனவரியில் தெளிவுபடுத்தியிருக்கிறது. 40 வயது தாண்டியவர்களுக்கு 1990-ஆம் ஆண்டு மத்தியச் சட்டம் ஒன்று உதவும். கூட்டமாக லே-ஆஃப் செய்து, வழக்குப் போடமாட்டேன் என்று எழுதி வாங்கிக்கொண்டு பணம் தருகிறார்கள் என்றால், யோசிக்க 45 நாட்கள் தர வேண்டும். அந்தப் பிரிவில் நீக்கப்பட்டவர்கள், வைத்துக்கொள்ளப்பட்டவர்கள் எல்லோருடைய பதவியும் வயதும் அடங்கிய பட்டியலும் தர வேண்டும். கையெழுத்துப் போட்ட பிறகும் 7 நாட்களுக்குள் மனம் மாறலாம். மனிதவளத் துறையினர் அவசரப்படுத்தினாலும் அந்தப் பட்டியலோடு வழக்கறிஞரைப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

(தொடரும்)