காலண்டருக்கு நம் தோட்டத்துப் பூ: வெளிச்சம் கூடலாம், பூ மறையக் கூடாது

ஐப்பசி பிறந்துவிட்டால் நம் வணிக அன்பர்களுக்குக் காலண்டர் கவலை வந்துவிடும். அச்சகத்தார் காட்டும் ஆல்பத்தில் ஒரு பூப்படத்தைத் தேர்ந்தெடுக்கிறோம். தை மாதம் பார்த்தால் அதே படம் எதிர்க்கடைக் காலண்டரிலும் தொங்குகிறது. வேறு சிலர் செல்போனில் வந்த அழகான படத்தை அப்படியே அச்சுக்குக் கொடுத்து விடுகிறார்கள். இது ஆபத்து. 1957 ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் புகைப்படத்திற்கும் உண்டு. 2012 இல் செய்த திருத்தத்திற்குப் பிறகு, எடுத்தவரின் ஆயுள் முழுவதும், அவர் காலத்திற்குப் பின் 60 ஆண்டுகளும் அந்த உரிமை நிற்கிறது. பிறர் சரக்கைக் கேட்காமல் எடுத்து விற்பது எப்படியோ, பிறர் படத்தைக் கேட்காமல் அச்சிடுவதும் அப்படியே.

இதற்கு வழி நம் வீட்டுத் தோட்டத்திலேயே இருக்கிறது. நம் திருப்பாதிரிப்புலியூர் ஒரு பூமரத்தின் பெயரைத் தாங்கிய ஊர். பாதிரிக்கு வடமொழியில் பாடலம் என்று பெயர். பாடலீஸ்வரர் கோயிலின் தல விருட்சமும் அதுவே. பாதிரி வீட்டுக்கு வீடு இல்லாவிட்டாலும், நந்தியாவட்டையும் பவழமல்லியும் சங்குப்பூவும் இல்லாத தெரு நம் ஊரில் குறைவு. அவற்றை நாமே படம் எடுக்கலாம். எடுக்கும் முறைகளில் வணிகர்களுக்கு மிகவும் பயன்படுவது 'ஹை கீ' என்று போட்டோக்காரர்கள் சொல்லும் முறை.

ஹை கீ என்றால் என்ன?

பின்னணி வெள்ளை, பூவும் வெளிர்நிறம், கறுத்த நிழல் எங்கும் இல்லை. படம் முழுதும் பளிச்சென்று இருக்கும். பூவின் நரம்பு, காம்பு, மகரந்தம் போன்ற சில இடங்களில் மட்டும் நிறம் அழுத்தமாகத் தெரியும். இதுதான் ஹை கீ. இதில் நமக்கு என்ன லாபம் என்றால், படத்தில் பாதிக்கு மேல் வெற்றிடம் கிடைக்கிறது. கடைப் பெயர், விலாசம், தொலைபேசி எண் ஆகியவற்றைக் கறுப்பு எழுத்தில் போட்டால் பத்தடி தூரத்திலும் படிக்கலாம். இருட்டான படத்தின்மேல் எழுத்து வைத்தால் படமும் கெடும், எழுத்தும் தெரியாது.

படம் ஏன் மங்கலாக வருகிறது?

வெள்ளை வேட்டியின் முன் வெள்ளைப் பூவை வைத்து எடுத்தால் எல்லாம் பழுப்பாக வருகிறதே என்று பலர் கேட்கிறார்கள். குறை வேட்டியிலும் இல்லை, பூவிலும் இல்லை. கேமராவின் ஒளி அளக்கும் கருவி, எதைக் காட்டினாலும் அது நடுத்தரச் சாம்பல் நிறம் என்று கருதிக் கணக்குப் போடும். எந்தச் சரக்கு வந்தாலும் இரண்டாம் ரகம் என்றே எழுதும் கணக்குப்பிள்ளையைப் போன்றது அது. நடுத்தரச் சாம்பல் என்பது தன்மேல் விழும் ஒளியில் 100க்கு 18 பங்கைத் திருப்பி அனுப்புவது. நல்ல வெள்ளைத் துணி ஏறக்குறைய 90 பங்கைத் திருப்பி அனுப்பும். அதாவது ஐந்து மடங்கு. கருவி அந்த வெள்ளையைச் சாம்பலாக்கிவிடுகிறது.

ஆகவே அதன் கணக்கை நாம் திருத்த வேண்டும். கேமராவில் கூட்டல், கழித்தல் குறி போட்ட ஓர் அமைப்பு இருக்கும். அதில் ஒரு ஸ்டாப் கூட்டினால் ஒளி இரண்டு மடங்கு, இரண்டு ஸ்டாப் கூட்டினால் நான்கு மடங்கு. ஒன்றிலிருந்து இரண்டுக்குள் கூட்டினால் பெரும்பாலும் சரியாக வரும். செல்போனில் பூவின்மேல் விரலால் தொட்டால் பல போன்களில் சூரியன் போன்ற குறி தோன்றும். அதை மெல்ல மேலே தள்ள வேண்டும்.

எடுக்கும் முறை

1. காலை 7 மணியிலிருந்து 9 மணிக்குள் எடுப்பது நல்லது. கடற்கரை ஊரில் வெயில் ஏறியபின் கடற்காற்று எழுந்து பூவை ஆட்டிவிடும். பவழமல்லியோ விடியும்போதே உதிர்ந்துவிடும். அதற்கு இன்னும் முந்த வேண்டும்.

2. நேர் வெயில் வேண்டாம். வெயிலுக்கும் பூவுக்கும் இடையே மெல்லிய வெள்ளை வேட்டியையோ டிரேசிங் பேப்பரையோ பிடித்தால் நிழல் கரைந்துவிடும்.

3. பூவுக்குப் பின்னால் ஒரு முழம் தள்ளி வெள்ளைத் தெர்மாகோல் அட்டை. ஒட்டி வைத்தால் பூவின் நிழல் அதன்மேல் விழும். இன்னோர் அட்டையைப் பூவுக்கு முன்னால் ஒரு பக்கமாகப் பிடித்தால் ஒளி திரும்பி வந்து பூவின் இருண்ட பகுதியை நிரப்பும்.

4. நந்தியாவட்டை போன்ற முழு வெள்ளைப் பூவுக்கு விளிம்பு தெரியாது. படத்திற்குள் வராதபடி இரண்டு பக்கமும் கறுப்பு அட்டையை நிறுத்தினால் இதழ் ஓரத்தில் மெல்லிய கோடு போலச் சாயல் விழும். பவழமல்லிக்கு இந்தச் சிரமம் இல்லை. அதன் செம்மஞ்சள் காம்பே போதும்.

5. அடர்சிவப்புச் செம்பருத்தி இந்த முறைக்கு எளிதில் ஒத்துவராது. ஒளி கூடினால் இதழின் மடிப்பு அழிந்து ஒரே சிவப்புத் திட்டாகிவிடும்.

6. ஒரே பூவை ஒளியைக் கூட்டிக் குறைத்து நான்கைந்து முறை எடுத்து, பெரிதாக்கிப் பார்க்க வேண்டும். இதழின் நரம்பு தெரிகிற படங்களில் மிக வெளிச்சமானது எதுவோ, அதுவே சரியான படம். நரம்பு அழிந்த படத்தைப் பிறகு கம்ப்யூட்டரில் இருட்டாக்கினாலும் போனது வராது.

அச்சுக்குக் கொடுக்கும்போது

சிவகாசியானாலும் உள்ளூரானாலும் ஆப்செட் அச்சில் வெள்ளை மை கிடையாது. வெள்ளை என்பது காகிதத்தின் நிறமே. இதழில் சாயல் இல்லாத இடம் அச்சில் வெறும் காகிதமாக, பூவில் ஓட்டை விழுந்தது போலத் தெரியும். பழுப்புக் காகிதத்தில் பூவும் பழுப்பாகும். நல்ல வெள்ளைக் காகிதம் கேட்டு வாங்கி, மாதிரிப் பிரதி பார்த்தபின்பே அச்சுக்கு ஒப்புக்கொள்ள வேண்டும்.

அங்குலத்திற்கு 300 புள்ளி என்பது அச்சுக் கணக்கு. பத்து அங்குல அகலப் படத்திற்கு 3,000 புள்ளி அகலம் தேவை. வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது சுருக்கிவிடும். டாக்குமெண்டாக அனுப்ப வேண்டும். துணிப்பைக்கு இந்தப் படம் எடுபடாது. அதற்குக் கோட்டுச் சித்திரமே நல்லது. ஸ்டுடியோக்காரரைக் கூலி கொடுத்து எடுக்கச் சொன்னால், வேறு ஒப்பந்தம் இல்லாதபோது, படத்தின் உரிமை எடுக்கச் சொன்ன நமக்கே உரியது என்பதையும் தெரிந்து வைத்துக்கொள்ளலாம்.

பூவுக்குச் சரி, சரக்குக்கு?

இங்கேதான் நாம் முக்கியமாகக் கவனிக்க வேண்டும். இதே வித்தையைக் கற்றவர்கள் சரக்கையும் இப்படியே எடுத்து வெளியூர் வியாபாரிக்கு அனுப்புகிறார்கள். பழைய புளி கறுக்கும், புதுப் புளி வெளுப்பாக இருக்கும் என்பது நம் எல்லோருக்கும் தெரியும். இரண்டு ஸ்டாப் ஒளி கூட்டினால் பழம்புளி புதுப்புளியாகிவிடும். பழுப்பு வெல்லம் பொன்னிறமாகும். புழுங்கலரிசி பச்சரிசி போல வெளுக்கும். மூட்டை போய் இறங்கியதும் என்ன நடக்கும்? சரக்கு திரும்பும், லாரி வாடகை நம் தலையில் விழும். அதைவிட, பல வருடப் பழக்கம் ஒரே நாளில் அறுந்துவிடும்.

சட்டமும் இதைச் சும்மா விடுவதில்லை. தவறான எண்ணம் தரும் விளம்பரத்தை 2019 ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் தடுக்கிறது. இணையச் சந்தையில் விற்பவரின் விளம்பரம் சரக்கின் உண்மைத் தன்மையோடு ஒத்திருக்க வேண்டும் என்று 2020 ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள் கூறுகின்றன.

சரக்கை எடுக்க எளிய வழி உண்டு. அதன் பக்கத்தில் ஒரு வெள்ளைக் காகிதத்தையும் வைத்து எடுக்க வேண்டும். காகிதம் கண்ணுக்குத் தெரிகிறபடியே படத்திலும் தெரியும் வரை ஒளியைக் கூட்டலாம், அதற்குமேல் கூடாது. அப்போது புளி புளியாகவும் வெல்லம் வெல்லமாகவும் தெரியும். வாங்குகிறவரும் அந்தக் காகிதத்தைப் பார்த்து நம் நேர்மையை அறிந்துகொள்வார்.

காலண்டரில் பூ கொஞ்சம் கூடுதலாக வெளுத்திருந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. சரக்குப் படம் வெளுத்தால் வாங்குகிறவருக்கு நஷ்டம், பிறகு நமக்கும் நஷ்டம். இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்து, வரும் ஆண்டுக் காலண்டரில் நம் அன்பர்கள் தத்தம் வீட்டுப் பூவையே மலரச் செய்ய வேண்டுகிறோம்.