பச்சையானால் மின்சாரம் பாயும்

அனிலின் என்ற பெயருக்குள் 'நீலம்' இருக்கிறது. நீல என்ற வடசொல் அரபு வழியாக ஐரோப்பா போய் 'அனில்' ஆனது. 1840-இல் ஃப்ரிட்ஷே என்ற வேதியியலர் அவுரிச் சாயத்தைக் காரத்தோடு காய்ச்சி வடித்த எண்ணெய்க்கு அந்தப் பெயரிலிருந்தே பெயர் வைத்தார்.

1862-இல் லண்டனில் ஹென்றி லெதபி அனிலினைக் கந்தக அமிலத்தில் கலந்து மின்சாரம் செலுத்தினார். பிளாட்டினத் தகட்டில் நீலப்பச்சைப் படிவு ஒன்று சேர்ந்தது. பருத்தித் துணிக்குக் கறுப்புச் சாயம் ஏற்றவும் அக்காலத்தில் அனிலின் பயன்பட்டது. ஆனால் மின்சாரம் கடத்தும் பிளாஸ்டிக்காக அந்தப் படிவின்மேல் உலகின் கவனம் திரும்ப 1980-கள் வரை ஆயிற்று. அதற்கு முக்கியக் காரணம், பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் ஆலன் மெக்டயார்மிட் செய்த ஆய்வுகள்.

பாலிஅனிலின் எனப்படும் அந்தப் பொருளைச் செய்யப் பெரிய கருவிகள் வேண்டாம். நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கரைத்த அனிலினோடு அம்மோனியம் பெர்சல்ஃபேட் கரைசலைச் சேர்க்கிறார்கள். சற்று நேரம் ஒன்றும் நடக்காது. பிறகு நீலம் படரும், கரைசல் சூடாகும், கரும்பச்சைத் தூள் அடியில் தங்கும். பென்சீன் வளையங்களை நைட்ரஜன் அணுக்கள் ஒன்றோடொன்று கோத்த நீண்ட சங்கிலி, அதாவது பாலிமர், அது. அனிலின் நஞ்சு என்பதால் இதை ஆய்வகத்தில்தான் செய்ய வேண்டும்.

என்னை வியக்கவைப்பது அடுத்த கட்டம். அந்தப் பச்சைத் தூளை அம்மோனியா நீரில் போட்டால் நீலமாகிவிடும். மின்கடத்துத்திறன் நூறு கோடி மடங்கு அளவுக்கு விழுந்துவிடும். மறுபடி அமிலத்தில் நனைத்தால் பச்சையும் திரும்பும், மின்சாரமும் திரும்பும். மற்ற கடத்தும் பாலிமர்களுக்கு எலக்ட்ரானைப் பிடுங்க வேண்டும், அல்லது கொடுக்க வேண்டும். இங்கே எலக்ட்ரான்களின் எண்ணிக்கை மாறுவதே இல்லை. அமிலத்தின் புரோட்டான்கள் நைட்ரஜனில் ஒட்டிக்கொள்கின்றன. அதனால் பிறக்கும் நேர்மின்னூட்டம் வளையத்துக்கு வளையம் பரவிச் சங்கிலி நெடுக நகர்கிறது.

ஆனால் செம்பு பாலிஅனிலினைவிட லட்சம் மடங்குக்கு மேல் நன்றாகக் கடத்தும். அதைவிடப் பெரிய தொல்லை, இந்தத் தூள் உருகாது. எளிதில் கரையவும் கரையாது. 1992-இல் ஆலன் ஹீகர் என்ற ஆய்வாளரின் குழுவினர் ஒரு வழி கண்டார்கள். கற்பூரத்திலிருந்து கிடைக்கும் சல்ஃபோனிக் அமிலத்தைச் சேர்த்தபோது பாலிமர் கடத்தும் நிலையிலேயே கரைந்தது, மெல்லிய படலமாக வார்க்கவும் முடிந்தது. அம்மோனியா பட்டதும் மின்தடை ஏறுவதால், காற்றில் கசியும் அம்மோனியாவைக் கண்டுபிடிக்கும் உணரிகளை இத்தகைய படலங்களைக் கொண்டு செய்கிறார்கள்.