மழை பெய்தால் கூடாரப் பயணத்தைக் கைவிட வேண்டுமா?

நார்வேயின் மேற்குக் கரையில் உள்ள பெர்கன் நகரில் ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. சென்னையின் சராசரி சுமார் 1,400தான். அதிலும் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையை ஒட்டிக் கொட்டித் தீர்ந்துவிடும். பெர்கனிலோ ஆண்டில் பாதி நாளுக்கு மேல் ஏதோ ஒரு தூறல். வெயில் வரட்டும் என்று காத்திருந்தால் பிள்ளைகளைக் காட்டுக்கே கூட்டிப்போக முடியாது என்பதால், அங்கே மழையிலேயே கிளம்பிவிடுகிறார்கள். 1957இல் வந்த சட்டம் அதற்கு இடமும் கொடுக்கிறது: குடியிருப்புகளிலிருந்து 150 மீட்டர் தள்ளி, திறந்தவெளி நிலத்தில் யாரும் கூடாரம் போட்டு இரண்டு இரவுகள் தங்கலாம். மழையையும் ஆபத்தையும் ஒன்றாக எண்ணிக் குழப்பிக்கொள்வதால்தான் நாம் பயணத்தைத் தள்ளிப்போடுகிறோம் என்பது என் கட்சி.

"பிள்ளை நனைந்தால் சளி பிடிக்குமே" என்பார்கள். சளியைக் கொடுப்பது வைரஸ், மழைத்துளி அல்ல. கவலைப்பட வேண்டியது உடல் சூடு இறங்குவதைப் பற்றி. அசையாத காற்றைவிடத் தண்ணீர் சுமார் 25 மடங்கு வேகமாகச் சூட்டைக் கடத்தும். எடையோடு ஒப்பிட்டால் குழந்தைக்குத் தோலின் பரப்பு அதிகம் என்பதால் பெரியவர்களுக்கு முன்பே அதற்குக் குளிரெடுக்கும். நனைந்த பருத்தி பனியன் உடம்போடு ஒட்டிக்கொண்டு இதை இன்னும் மோசமாக்கும். கம்பளி நனைந்தாலும் ஓரளவு கதகதப்புத் தரும். நடுங்கிச் சிணுங்கும் பிள்ளைக்கு உடனே துணி மாற்றினால் போதும். அதுவே நடுக்கம் நின்று, பேச்சுக் குழறி, சோர்ந்து உட்கார்ந்துவிட்டால் அங்கேயே பயணத்தை முடித்துக்கொண்டு மருத்துவ உதவி தேட வேண்டும். குளிருக்காகக் கூடாரத்துக்குள் அடுப்பு மூட்டுவதோ மழையைவிடப் பெரிய ஆபத்து. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது.

மழை ஆளைக் கொல்வதில்லையா என்ற கேள்விதான் கனமானது. கொல்லும். 1996 ஆகஸ்ட் 7 அன்று ஸ்பெயினின் பியெஸ்காஸ் முகாமில் வெள்ளம் புகுந்து 87 பேர் இறந்தார்கள். மலையோடை இறங்கிவந்து வண்டல் பரப்பும் வாயிலிலேயே அந்த முகாமை அமைத்திருந்தார்கள். 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் ஒரு சிறுவனை அடித்துச் சென்றது. தலைக்கு மேலே பெய்யும் மழையை மட்டும் பார்த்துப் பயனில்லை. மேலே மலையில் பெய்வது எந்த வழியாக இறங்கும் என்று பார்க்க வேண்டும். இடி மின்னலுக்கும் கூடாரம் காப்பு அல்ல. காருக்குள் போய், கடைசி இடிக்குப் பிறகு அரை மணி நேரம் இருக்க வேண்டும். நார்வேயின் மலைப்பயண விதிகள் ஒன்பதில் ஒன்று, திரும்பி வருவதில் வெட்கமில்லை என்கிறது. அந்த முடிவைப் பெற்றோர் எடுப்பதைப் பிள்ளை கூடவே இருந்து பார்ப்பதும் பயணத்தின் பயன்தான்.

வானிலை மையம் ஆரஞ்சு, சிவப்பு எச்சரிக்கை விடுத்திருந்தால் வீட்டிலேயே இருங்கள். வெறும் மழைதான் என்றால், ஓடையை விட்டு விலகிய மேட்டில் இடம் பார்த்து, மாற்றுத் துணியை இரட்டைப் பிளாஸ்டிக் பையில் கட்டிக்கொண்டு கிளம்புங்கள்.