பிஜிஎம்ஐ ரெட் டாட்டும் என்.சி.சி. அயர்ன் சைட்டும்



பிஜிஎம்ஐ ஆடுற யாரை வேணும்னாலும் கேட்டுப் பாருங்க. கையில துப்பாக்கி கிடைச்சதும் அடுத்து தேடுறது ரெட் டாட் சைட்தான். அது இல்லாம வெறும் அயர்ன் சைட்டை வச்சு சுடுறவனை நம்ம ஹாஸ்டல்ல பாவமா பார்ப்பாங்க. நானும் அந்தக் கட்சிதான், என்.சி.சி. கேம்ப்ல நிஜ .22 ரைஃபிளைப் பிடிச்சுப் படுக்கிற வரைக்கும்.

25 மீட்டர் தூரத்துல டார்கெட். அஞ்சு ரவுண்டு. சுட்டு முடிச்சுப் போய்ப் பார்த்தா அட்டையில மூணு ஓட்டைதான் இருந்துச்சு. அதுலயும் ஒண்ணு வடக்கே, ஒண்ணு தெற்கே, ஒண்ணு பக்கத்து டார்கெட்டுக்குப் போற வழியில. சுபேதார் சார் அட்டையைப் பார்த்துட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“சுடும்போது எதைத் தம்பி பார்த்தே?”

“டார்கெட்டைத்தான் சார், கண்ணு சிமிட்டாம பார்த்தேன்.”

“அதான் தப்பு. குச்சியைப் பாரு.”

குறி வைக்கிறவன் குறியைப் பார்க்காம குச்சியை ஏன் பார்க்கணும்? அன்னைக்கு ராத்திரி கேம்ப்ல தூக்கமே வரல. ஊருக்கு வந்ததும் ஆப்டிக்ஸ் யூனிட்டைத் திறந்து உட்கார்ந்தேன். அதோட விளைவுதான் இந்தக் கட்டுரை.

மூணு தூரம், ஒரு கண்ணு

அயர்ன் சைட்ல ரெண்டு பாகம். கண்ணுக்குப் பக்கத்துல ஒரு பள்ளமோ துளையோ இருக்கும், அது பேக்சைட். குழல் முனையில ஒரு சின்னக் குச்சி நிக்கும்; அது ஃபோர்சைட். பேக்சைட், ஃபோர்சைட், டார்கெட் மூணும் ஒரே கோட்டுல வரணும்.

சிக்கல் என்னன்னா, மூணும் மூணு தூரத்துல இருக்கு. நம்ம கண்ணு லென்ஸ் ஒரு நேரத்துல ஒரு தூரத்துக்குத்தான் ஃபோகஸ் ஆகும். மீதி ரெண்டும் மங்கலாத்தான் தெரியும். அப்போ எதைத் தெளிவா வச்சுக்கிறது? சின்னக் கணக்கு போட்டா பதில் வந்துடும்.

ரெண்டு சைட்டுக்கும் நடுவுல அரை மீட்டர்னு வச்சுக்குவோம். ஃபோர்சைட் வெறும் 1 மி.மீ. விலகினா, வடிவொத்த முக்கோணக் கணக்குப்படி 25 மீட்டர்ல குண்டு 50 மி.மீ. தள்ளிப் போகும். அதாவது 5 செ.மீ. ஆனா டார்கெட் கொஞ்சம் மங்கலா தெரிஞ்சா பெரிய நஷ்டம் இல்ல. வட்டத்தோட நடு எதுன்னு மூளை தானா ஊகிச்சுடும். அதனாலதான் “குச்சியைப் பாரு”. பள்ளிக்கூட வடிவியலை சுபேதார் சார் ரெண்டே வார்த்தையில சொல்லிட்டார்.

பேக்சைட் சின்னத் துளையா இருந்தா இன்னும் வசதி. துளை சின்னதாக ஆக, தெளிவாத் தெரியுற தூரத்தோட வீச்சு கூடும். மொபைல் கேமரா, பின்ஹோல் கேமரா எல்லாத்துலயும் நடக்கிற அதே சங்கதிதான்.

மலை தீபமும் சிவப்புப் புள்ளியும்

இப்போ ரெட் டாட்டுக்கு வருவோம். முதல்ல ஒரு தப்பான எண்ணத்தைத் துடைச்சுடலாம்: அது லேசர் இல்ல. டார்கெட் மேல எந்த ஒளியும் போய் விழாது. புள்ளி சுடுறவன் கண்ணுக்கு மட்டும்தான் தெரியும்.

உள்ளே இருக்கிறது ஒரு குட்டி எல்.இ.டி.யும், அதுக்கு எதிரே கொஞ்சம் வளைஞ்ச கண்ணாடியும். கண்ணாடியோட குவியப் புள்ளியில எல்.இ.டி. உட்கார்ந்திருக்கு. குவியத்துல இருந்து கிளம்புற ஒளி குழி ஆடியில பட்டா இணைக்கதிர்களா திரும்பும், ப்ளஸ் டூல படிச்சதுதான். அந்தக் கண்ணாடிப் பூச்சு சிவப்பை மட்டும் கண்ணு பக்கம் திருப்பிவிட்டு, மத்த நிறங்களை உள்ளே விட்டுடும். அதனால எதிர்ல இருக்கிற காட்சியும் தெரியும், அது மேல புள்ளியும் தெரியும்.

இணைக்கதிரா வந்தா என்ன லாபம்? எங்க ஊர் கீழ்பென்னாத்தூர். கார்த்திகை தீபத்தன்னைக்கு மொட்டைமாடியில நின்னு திருவண்ணாமலை மலை உச்சியைப் பாருங்க. மாடியோட இந்தக் கோடியில இருந்து அந்தக் கோடிக்கு நடந்தாலும் தீபம் அதே திசையிலதான் நிக்கும். ஆனா எதிர்வீட்டு பல்பு நடக்க நடக்க இடம் மாறும். தீபம் அவ்வளவு தூரத்துல இருக்கிறதால அதோட கதிர்கள் கிட்டத்தட்ட இணையா நம்மகிட்ட வருது.

ரெட் டாட் அந்தத் தீபத்தை ஒரு டப்பாவுக்குள்ள செஞ்சு காட்டுது. புள்ளி கையெட்டுற தூரத்துல இருந்தாலும் கண்ணுக்கு அது முடிவிலியில இருக்கிற மாதிரி தெரியும். அதனால டார்கெட்டும் புள்ளியும் ஒரே ஃபோகஸ்ல வரும். தலையைக் கொஞ்சம் நகர்த்தினாலும் புள்ளி குறியை விட்டு ஓடாது. ரெண்டு கண்ணையும் திறந்து வச்சே சுடலாம். மூணு தூரப் பிரச்சினை ஒரே அடியில காலி.

இது புது ஐடியாவும் இல்ல. டப்ளின்ல ஹோவர்ட் க்ரப் என்கிற தொலைநோக்கித் தயாரிப்பாளர் 1900லேயே இந்தத் தத்துவத்துல ஒரு சைட் செஞ்சார். எல்.இ.டி. வந்த பிறகு, 1975ல ஸ்வீடனோட எய்ம்பாயின்ட் கம்பெனி இதைத் துப்பாக்கிக்கு ஏத்த எலக்ட்ரானிக் சைட்டாக விற்பனைக்குக் கொண்டுவந்துச்சு. தேஜஸ் விமானத்துல பைலட் கண்ணுக்கு முன்னாடி எழுத்து மிதக்குற ஹெட்அப் டிஸ்ப்ளேயும் இதே இணைக்கதிர் வித்தைதான்.

அப்போ ரெட் டாட்தான் பெஸ்ட்டா?

அவசரப்படாதீங்க. நாலு விஷயம் இருக்கு.

1. அளவு: புள்ளிக்கும் ஒரு பருமன் உண்டு. எம்.ஓ.ஏ. என்கிற கோண அலகுல சொல்வாங்க, 1 எம்.ஓ.ஏ. 100 மீட்டர்ல சுமார் 2.9 செ.மீ. 2 எம்.ஓ.ஏ. புள்ளி 100 மீட்டர்ல கிட்டத்தட்ட 6 செ.மீ. இடத்தை மறைக்கும். இருட்டுல வெளிச்சத்தைக் கூட்டி வச்சா புள்ளி பூத்துப்போய் இன்னும் அதிகமா மறைக்கும்.

2. ஜீரோயிங்: மாட்டின உடனே புள்ளி இருக்கிற இடத்துல குண்டு போகாது. சுட்டுப் பார்த்து, திருகைத் திருப்பி, மறுபடி சுட்டுத்தான் சரி செய்யணும். சைட் குழலுக்குச் சில செ.மீ. மேல உட்கார்ந்திருக்கிறதால, ரொம்பக் கிட்ட சுட்டா குண்டு புள்ளிக்குக் கீழே படும்.

3. பேட்டரி: சின்ன பட்டன் செல் ரொம்ப நாள் தாங்கும், ஆனா ஒருநாள் தீரும். மழைத்துளி, சேறு கண்ணாடியை மறைக்கும். அதனாலதான் ரெட் டாட் வச்சிருக்கிறவங்க பலரும் அயர்ன் சைட்டைக் கழட்டாம பேக்அப்பா வச்சிருக்காங்க.

4. கண்ணு: சிலிண்டர் பவர் இருக்கிறவங்களுக்குப் புள்ளி வட்டமா தெரியாது, வால் முளைச்ச மாதிரியோ, திராட்சைக் கொத்து மாதிரியோ தெரியும். சைட் வழியா மொபைல்ல ஒரு போட்டோ எடுத்துப் பாருங்க. போட்டோவுல வட்டமா இருந்தா கோளாறு சைட்ல இல்ல, கண்ணுல.

ஒலிம்பிக்ல யாரு ஜெயிச்சா?

2024 பாரிஸ்ல துருக்கியோட யூசுஃப் டிகெச் ஒரு கையை பாக்கெட்ல விட்டுட்டு வெள்ளி ஜெயிச்சதை வச்சு நாம எத்தனை மீம் போட்டோம்! அங்க யாரோட பிஸ்டல்லயும் ரெட் டாட் கிடையாது. விதியே அப்படி: பிஸ்டல் போட்டியில திறந்த சைட் மட்டும்தான். மனு பாக்கர் அதே ஒலிம்பிக்ல வாங்கின ரெண்டு வெண்கலமும் அப்படி வந்ததுதான்.

10 மீட்டர் ஏர் ரைஃபிள் இன்னும் அதிசயம். அதுல பத்து பாயின்ட் புள்ளியோட விட்டம் 0.5 மி.மீ. 2008 பெய்ஜிங்ல அபினவ் பிந்த்ரா தங்கம் ஜெயிச்சதும், கடலூர்ல பிறந்த இளவேனில் வாலறிவன் உலகக் கோப்பையில தங்கம் எடுத்ததும் அந்தத் துளை சைட் வழியாப் பார்த்துதான்.

ஆக, நின்னு நிதானமா காகித டார்கெட்ல சுடுறதுக்கு அயர்ன் சைட்டே தாராளம். நேரம் இல்ல, வெளிச்சம் குறைவு, குறி நகருது, கிட்டத்துல இருக்குன்னா ரெட் டாட் முந்தும். தூரம் கூடினா ரெண்டுமே போதாது. பெரிசாக்கிக் காட்டுற டெலஸ்கோப் சைட் வேணும்.

மறுநாள்

கேம்ப்ல மறுநாள் இன்னொரு வாய்ப்பு கிடைச்சுது. டார்கெட் மங்கலாவே இருக்கட்டும்னு விட்டுட்டு குச்சியை மட்டும் பார்த்தேன். மூச்சைப் பாதியில நிறுத்தி, டிரிகரை இழுக்காம மெதுவா அழுத்தினேன். அஞ்சும் அட்டையில! ஒரு உள்ளங்கை அகலத்துக்குள்ள நாலு. அஞ்சாவது மட்டும் விரல் அவசரப்பட்டதுல கொஞ்சம் வெளியே. டீம்ல எடுக்கல, அது வேற கதை. ஆனா அந்த அஞ்சாவது குண்டை எந்த ரெட் டாட்டாலும் காப்பாத்தியிருக்க முடியாதுன்னு புரிஞ்சுது. கண்ணு செய்யுற தப்பைத்தான் சைட் குறைக்கும். விரல் செய்யுற தப்பு அப்படியேதான் இருக்கும்.

கிளம்பும்போது சுபேதார் சார்கிட்ட கேட்டேன், “சார், உங்களுக்கு எது பிடிக்கும்?”

சிரிச்சார். “உன் வயசுல கேட்டிருந்தா அயர்ன் சைட்னு சொல்லியிருப்பேன். இப்போ வெள்ளெழுத்து தம்பி. குச்சியே ரெண்டா தெரியுது. எனக்கு அந்தச் சிவப்புப் புள்ளியைக் குடு, உனக்குக் குச்சி போதும்.”

ஆசை வந்தவங்களுக்கு ஒரு வார்த்தை: லைசென்ஸ் இல்லாம துப்பாக்கி வச்சிருக்கிறது 1959 ஆயுதச் சட்டப்படி குற்றம். என்.சி.சி.யில சேருங்க, இல்ல ரைஃபிள் கிளப்புக்குப் போங்க. அங்க முதல்ல குச்சியைத்தான் காட்டுவாங்க. கோவிச்சுக்காம பாருங்க!